மருந்தடித்த மறுநாள்

போடிநாயக்கனூரில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, ஏலக்காட்டில் அடிப்பதும் மருந்து. முதலாவது உடம்புக்குள் போக வேண்டியது, இரண்டாவது போகக் கூடாதது. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பேசும்போது இரண்டையும் பிரிப்பதில்லை. “மருந்தடிச்ச மறுநா காய் எடுக்கப் போனேன். ரெண்டு நாளாத் தலை கிறுகிறுங்குது. மருந்து வாங்கிச் சாப்பிட்டேன்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

இவர்களிடம் அடிக்கடி புழங்கும் இன்னொரு சொல் வம்சம். தீட்டு தாறுமாறானால், கரு தங்காவிட்டால், மார்பில் கட்டி வந்தால், மகள் சின்ன வயதிலேயே சமைந்துவிட்டால் “எங்க வம்சமே இப்படித்தான்” என்பார்கள். என்னிடம் தமிழ் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள் அதையே “ஜீன்ல இருக்கு மேம்” என்கிறார்கள். பாட்டியின் தலையெழுத்தும் பேத்தியின் ஜீனும் செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டுமே கேள்வியைப் பெண்ணின் உடம்புக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. காடு, கூலி, மருந்து டின், எல்லைக்கோடு எதுவும் கேள்விக்குள் வருவதில்லை.

மரபணுவை ‘எழுத்து’ என்று சொல்வது பாதி உண்மை. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய 20,000 புரத மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் சுவிட்சுகள் அந்த மரபணுக்களின் அருகிலேயே இருக்கின்றன. அந்தச் சுவிட்சுகளை வெளியிலிருந்து வரும் உலோகமும், உடம்புக்குள் ஊறும் ஹார்மோனும், ஹார்மோன் போல வேடமிட்டு நுழையும் வேதிப்பொருளும் தொட முடியும். இது கண்டறியப்பட்ட வரலாறு எழுபது வருடத்துக்கு உட்பட்டது. அறிவியல் மாணவிகளுக்கு இது பாடமாக இருக்கிறது. ஏலமலைச் சரிவில் நின்று படித்தால் இதுவே பெண்களின் உழைப்பு வரலாறாகவும் இருக்கிறது.

மலை ஏறும் கைகள்

போடிக்கு மேற்கே சுவர்போல எழும் மலையில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலம் விளையும் நிலம் அங்கே இருக்கிறது. விளைச்சல் மேலே. வியாபாரத்தில் பெரும்பங்கு கீழே. நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் போடி ஒன்று, வண்டன்மேட்டை ஒட்டிய புற்றடி மற்றொன்று. ஏலமே ஏலத்துக்குப் போகும் ஊர் என்று எங்கள் ஊரை நாங்களே கேலி செய்துகொள்வோம்.

இந்தப் போக்குவரத்து பழையது. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் மலையேறிக் காடு பார்த்தார்கள். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதற்காக நடந்த போராட்டமும் மார்ஷல் நேசமணியின் பெயரும் நம் பாடநூல்களில் உண்டு. அந்தக் கோட்டைத் தினமும் இரண்டு முறை கடக்கிற பெண்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. மாலையில் அதே ஜீப்பில் அதே நெருக்கடியில் திரும்புகிறார்கள்.

காய் எடுப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஏலச்செடி தட்டை தட்டையாகக் கூட்டமாக ஆளுயரத்துக்கு மேல் எழும். பூவும் காயும் உச்சியில் இல்லை. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் இருக்கின்றன. ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாகப் பழுப்பதும் இல்லை. பழுத்ததை மட்டும் விரலால் தேர்ந்து எடுக்க வேண்டும். ஆகவே எடுப்பவள் நாள் முழுக்கக் குனிந்திருக்க வேண்டும், அல்லது ஈர மண்ணில் உட்கார்ந்தே நகர வேண்டும். மேலே இலையில் அடித்தது அவள் தலையிலும் முதுகிலும் சொட்டும். கீழே மண்ணில் விழுந்தது சேலையில் ஏறும். சேலைக்கு மேலே போட்டிருக்கும் வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டைதான் அவளுடைய பாதுகாப்பு உடை.

மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள். அது ஆபத்தான வேலை என்று எல்லாருக்கும் தெரியும். மறுநாள் அதே செடியடியில் எட்டு மணிநேரம் இருப்பவள் செய்வதற்கு ‘லேசான வேலை’ என்று பெயர். கூலி ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பெண்ணியம் நிறைய எழுதியிருக்கிறது. ஆபத்தையும் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து, பெண்ணின் பங்கை இல்லாததாக்கும் கணக்கு அதே அளவு பழையது.

இந்தக் காட்டில் அடிப்பதில் உலோகமும் உண்டு. மழைக்காலத்தில் ஏலத்துக்கு அழுகல் நோய் வரும். அதற்கு 1 சத போர்டோ கலவை: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க அருவருப்பான நீலமாக எதையோ தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளில் நோய் இல்லை என்பதைக் கவனித்த மில்லார்டே 1885இல் அதை எழுதினார். திருட்டைத் தடுக்க வந்த நீலம் இப்படித்தான் உலகமெங்கும் தோட்டங்களுக்குள் போனது.

உரத்தோடு வருவது இன்னொன்று. பாஸ்பேட் உரம் பாறையிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் பாறையில் இயற்கையாகவே காட்மியம் கலந்திருக்கும், அளவு பாறைக்குப் பாறை மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய உர விதியில், ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று எல்லை வைத்திருக்கிறது. மண்ணில் சேரும் காட்மியத்தைச் செடிகள் உறிஞ்சும். நெல்லும் கீரையும் உறிஞ்சும். புகையிலை மிக நன்றாக உறிஞ்சும். களைப்பு தெரியாமல் இருக்க வாயில் அடக்கும் போயிலையிலும் அது உண்டு.

குதிரையின் சிறுநீரகம்

1957இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மார்வின் மார்கோஷஸ், பெர்ட் வேலி என்ற இருவர் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் காட்மியம் செறிந்திருந்தது. உடம்புக்கு எந்த உபயோகமும் இல்லாத ஒரு நச்சு உலோகத்தை ஒரு புரதம் இப்படி இறுகப் பிடித்து வைத்திருப்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. பிறகு அதற்கு மெட்டலோதயோனின் என்று பெயர் வந்தது. உலோகமும் கந்தகமும் சேர்ந்த பெயர். மனித உடம்பில் உள்ளது ஏறக்குறைய 60 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். அதில் 20 இடங்களில் கந்தகம் ஏந்திய சிஸ்டீன் இருக்கிறது. இந்தக் கந்தகக் கைகள் ஒரே நேரத்தில் 7 காட்மியம் அல்லது துத்தநாக அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். செம்பையும் பாதரசத்தையும்கூடப் பிடிக்கும்.

அது ஒரு காவல் புரதம். எப்போதும் கொஞ்சம் இருக்கும். உலோகம் அதிகமாக நுழைந்தால் உடம்பு அதை நிறையத் தயாரிக்கும். உலோகம் வந்திருக்கிறது என்று மரபணுவுக்கு யார் சொல்வது?

1980களின் தொடக்கத்தில் மைக்கேல் கேரினும் ராபர்ட் ரிச்சர்ட்ஸும் மனித மெட்டலோதயோனின் மரபணு ஒன்றைப் பிரித்து அதன் வரிசையைப் படித்தார்கள். 1982இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. மரபணுவுக்கு முன்னால் புரதமாக மாறாத ஒரு பகுதி இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் திண்ணை இருப்பது மாதிரி. 1984இல் கேரினும் சக ஆய்வாளர்களும் அந்தத் திண்ணையில் இரண்டு தனித்தனி இடங்களைக் காட்டினார்கள். ஓரிடத்தின் வழியாகக் காட்மியம் மரபணுவை முடுக்குகிறது. இன்னோரிடத்தின் வழியாகக் குளுக்கோகார்ட்டிகாய்டு வகை ஹார்மோன் அதே மரபணுவை முடுக்குகிறது.

உலோகச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பது பிறகு தெளிவானது. காட்மியம் நேராகப் போய் மரபணுவைத் தட்டுவதில்லை. ஏற்கெனவே புரதங்களில் உட்கார்ந்திருக்கும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்காருகிறது. இடம் இழந்த துத்தநாகம் எம்.டி.எஃப்-1 என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது. அந்தப் புரதம் செல்லின் கருவுக்குள் நுழைந்து, மரபணுவின் திண்ணையில் உள்ள உலோக இடத்தைப் பற்றுகிறது. மரபணு விழிக்கிறது. வெளியிலிருந்து வந்தவன் வீட்டுக்காரியைக் கிளப்பிவிட, அவள் போய் ஊரை எழுப்புகிற மாதிரி.

இந்தச் சுவிட்ச் எவ்வளவு உண்மையானது என்பதை 1982 டிசம்பரில் வெளிவந்த இன்னோர் ஆய்வு உலகுக்கே காட்டியது. ரிச்சர்ட் பால்மிட்டர், ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர் சுண்டெலியின் மெட்டலோதயோனின் சுவிட்சை மட்டும் வெட்டியெடுத்து எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவோடு ஒட்டினார்கள். அதைச் சுண்டெலிக் கருவுக்குள் செலுத்தினார்கள். பிறந்த குட்டிகளுக்குத் துத்தநாகம் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். சில குட்டிகள் தம்மோடு பிறந்தவற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக வளர்ந்தன. குடிக்கிற தண்ணீரில் இருக்கும் உலோகம் எந்த மரபணு பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்க முடியும் என்பது கண்ணால் பார்க்கும் உண்மையானது.

ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல்

1984இல் காட்டிய இரண்டாவது இடம்தான் ஒரு பெண்ணாக என்னை அதிகம் யோசிக்க வைப்பது. குளுக்கோகார்ட்டிகாய்டுகளில் முக்கியமானது கார்டிசால். அட்ரினல் சுரப்பி அதைச் சுரக்கிறது. பயம், பசி, காயம், நோய், ஓயாத நெருக்கடி என்று உடம்பு இக்கட்டில் இருக்கும்போது அது ஏறும். செல்லுக்குள் அதற்கென்று காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்து, கருவுக்குள் போய், மரபணுவின் திண்ணையில் தன் இடத்தைப் பற்றும்.

அதாவது உலோகத்தைத் தாங்கவும் நெருக்கடியைத் தாங்கவும் உடம்பு ஒரே மரபணுவை எழுப்புகிறது. எந்த வாசல் வழியாக வந்த செய்தி என்று அந்தப் புரதம் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசு அலுவலகங்களில் தொழில் நோய்க்கு ஒரு மேசை, வறுமைக்கு ஒரு மேசை, குடும்ப வன்முறைக்கு ஒரு மேசை. ஒரு பெண்ணின் செல்லுக்குள் அப்படி மூன்று மேசைகள் இல்லை.

மரபணு விழிப்பதே நோய் ஆகாது. மெட்டலோதயோனின் விழிப்பது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். ஆனால் காவலுக்கும் எல்லை உண்டு. பிடிபட்ட காட்மியம் உடம்பைவிட்டு எளிதில் வெளியேறுவதில்லை. சிறுநீரகத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். இருபது வயதில் காட்டுக்குப் போனவளின் உடம்பு ஐம்பது வயதிலும் அந்தக் கணக்கை வைத்திருக்கும். காவல் மிஞ்சினால் சிறுநீரகமும் எலும்பும் பழுதாகும். காட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1993இல் வகைப்படுத்தியது.

தாய் கேட்ட கேள்வி

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் கதை இதற்குச் சற்று முந்தியது. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிக்குக் கொடுத்து, அது கருப்பையில் தங்கி நிற்பதைப் பார்த்தார். அங்கே அதைப் பிடித்துவைக்கும் ஏற்பி ஒன்று இருக்கிறது என்று சொன்னார். அந்த ஏற்பியும் கார்டிசாலின் ஏற்பி மாதிரியே மரபணுக்களின் சுவிட்சைப் பற்றும் புரதம். பற்றுவதற்கு அதற்கு விரல்கள் போன்ற மடிப்புகள் உண்டு. அந்த விரல்களை விறைப்பாக நிறுத்துவது துத்தநாக அணு. ஹார்மோனின் கைக்குள்ளும் ஓர் உலோகம்!

பூட்டு இருந்தால் கள்ளச்சாவியும் உண்டு. டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் 1940களிலிருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவைத் தடுக்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. 1960களின் இறுதியில் பாஸ்டனில் இளம்பெண்கள் சிலருக்கு மிக அரிதான யோனிப் புற்றுநோய் வந்தது. “இவளைச் சுமந்தபோது நான் சாப்பிட்ட அந்த மருந்து காரணமாக இருக்குமா?” என்ற பொருளில் மருத்துவரிடம் கேட்டது அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய். அந்தக் கேள்வியின் தடத்தில் போய் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் சக மருத்துவர்களும் 1971இல் தொடர்பை நிறுவினார்கள். அதே ஆண்டு கர்ப்பிணிகளுக்கு அது கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. ‘வம்சம்’ என்று அந்தத் தாய் சொல்லி முடித்திருந்தால் கேள்வியே பிறந்திருக்காது.

1980களின் இறுதியில் அதே பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மட்டுமே பெருகும் செல்கள் அவை. ஒருநாள் எதுவும் கொடுக்காமலே பெருகத் தொடங்கின. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்து, பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த நானைல்ஃபீனால்தான் ஈஸ்ட்ரோஜன் வேடம் போட்டது என்று கண்டார்கள். 1991இல் அதை வெளியிட்டார்கள். பிறகு அந்தச் செல்களையே சோதனைக்கருவியாக்கிப் பூச்சிமருந்துகளைப் பரிசோதித்தார்கள். 1994இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில், அந்தச் செல்களைப் பெருக்கிய மருந்துகளில் எண்டோசல்ஃபான் ஒன்று.

அதே ஆண்டுகளில் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மேரி பெத் மார்ட்டினின் ஆய்வுக்குழு காட்மியத்தை எடுத்துக்கொண்டது. 2003இல் அவர்கள் வெளியிட்டது இது: சூலகம் நீக்கிய எலிகளுக்குக் காட்மியம் கொடுத்தபோது, ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததுபோலக் கருப்பையின் எடை கூடியது, பால்சுரப்பி வளர்ந்தது. கருவிலிருக்கும்போதே காட்மியம் பட்ட பெண்குட்டிகள் சீக்கிரம் பருவமடைந்தன. உலோகம் இங்கே காவல் மரபணுவைத் தட்டுவதோடு நிற்கவில்லை. ஹார்மோனின் வாசலிலும் கள்ளச்சாவி போடுகிறது. இப்படிப்பட்ட உலோகங்களுக்கு ‘மெட்டலோஈஸ்ட்ரோஜன்’ என்று தனிப்பெயரே ஆய்வுலகில் வழங்குகிறது. எலியில் கண்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எது என்பதை எலி சொல்லிவிட்டது.

இரும்புக்காகத் திறந்த கதவு

காட்மியம் மனிதரை என்ன செய்யும் என்பதை உலகம் பெண்களின் உடம்பிலிருந்துதான் கற்றது. ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆற்றங்கரைக் கிராமங்களில், மேலே இருந்த கமியோக்கா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து நெல்வயலுக்கு வந்தது. இருமினால்கூட எலும்பு முறியும் அளவுக்கு ஒரு நோய் பரவியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பல பிள்ளைகள் பெற்று மாதவிலக்கு நின்ற பெண்கள். அவர்கள் அலறியதே நோய்க்குப் பெயரானது: இத்தாய் இத்தாய், அதாவது ‘வலிக்குதே வலிக்குதே’. உள்ளூர் மருத்துவர் நொபொரு ஹகினோ சுரங்கத்தைச் சுட்டியபோது எளிதில் ஏற்கவில்லை. 1968இல்தான் அரசு அதைக் காட்மியத்தால் வந்த மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. 1971இல் பாதிக்கப்பட்டவர்கள் சுரங்க நிறுவனத்தின் மீது வழக்கில் வென்றார்கள்.

ஏன் பெண்கள்? விடையின் ஒரு பகுதி சோகையில் இருக்கிறது. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் தன் இரும்புக் கதவுகளை அதிகமாகத் திறக்கும். அந்தக் கதவு இரும்பையும் காட்மியத்தையும் சரியாகப் பிரித்தறிவதில்லை. இரும்புக்காகத் திறந்த கதவில் காட்மியமும் நுழைந்துவிடுகிறது. ஸ்வீடனில் மரிக்கா பெர்க்லண்ட், மரீ வாட்டர், அக்னெட்டா ஓகெசன் ஆகிய பெண் ஆய்வாளர்கள், இரும்பு குறைந்த பெண்களின் உடம்பில் காட்மியம் கூடுதலாக இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் இரும்பை இழப்பவளுக்கு, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவளுக்கு, அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை.

உயிரியல் வேறுபாடு என்று நமக்குச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படித்தான். குடலின் கதவு இயற்கை. அது இவ்வளவு அகலமாகத் திறந்திருப்பது சோற்றுப் பானையின் அரசியல்.

காய்க்கு உண்டு, கைக்கு இல்லை

எங்களுக்குப் பக்கத்து மலையான கொடைக்கானலில் 1983இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு பழைய சாமான் கடையில் கண்டெடுக்கப்பட்டதால் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான்.

மேற்கே காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்து வந்ததை எதிர்த்து 1998இல் நீதிமன்றத்துக்குப் போனவர் லீலாகுமாரி அம்மா என்ற வேளாண்துறை ஊழியர். 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்ஃபானைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு நாடு முழுதும் தடை விதித்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் செல்லில் பார்த்ததும், ஒரு பெண் தன் வீட்டு முற்றத்தில் பார்த்ததும் ஒரே பொருளைத்தான்.

ஏலக்காய்க்கு வருவோம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அதில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு எப்படி முடிந்தாலும் எனக்கு அதில் முக்கியமானது ஒன்று: காயை யாரோ பரிசோதித்தார்கள். 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு வாசல் மறுத்து வந்த கோயிலுக்குள் அவள் எடுத்த காய் போனது. அந்தக் காயின் எச்சத்தை நீதிமன்றம் விசாரித்தது. ஏற்றுமதியாகும் காய்க்கும் பரிசோதனை உண்டு. அந்தக் காயை எடுத்த விரலின் ரத்தம் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை.

நோயென்று வந்தால் அவள் படுப்பது தேனியிலோ மதுரையிலோ. நோய்ச்சீட்டில் ஊர் பெயர் இருக்கும். எல்லைக்கு மேலே எந்தக் காட்டில், எந்த மருந்தடித்த மறுநாள் நுழைந்தாள் என்பது இருக்காது. வேலை ஒரு மாநிலத்தில், வலி இன்னொரு மாநிலத்தில். நடுவே இருப்பது 1956இல் போட்ட கோடு.

பெண்ணுக்கே சொல்லும் உபதேசம்

இந்த அறிவியலுக்கு ஒரு ஆபத்தான வாசிப்பும் உண்டு. கருவிலிருக்கும் பிள்ளையின் சுவிட்சையே உலோகம் தொடும் என்றால், “பெண்கள் காட்டுக்கு வராதீர்கள், தாயாகப் போகிறவள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்” என்று உபதேசம் கிளம்பும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் அமெரிக்கன் சயனமிட் தொழிற்சாலை 1978இல் அப்படித்தான் செய்தது. ஈயம் புழங்கும் சாயப்பிரிவில் பிள்ளை பெறக்கூடிய பெண்கள் இருக்கக் கூடாது என்றது. வேலையை இழக்க முடியாத ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். ஈயம் அங்கேயே இருந்தது, கருப்பைதான் செயலிழந்தது. 1991இல் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் பேட்டரி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், இப்படிப் பெண்களை விலக்குவது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈயம் ஆணின் விந்தையும் கெடுக்கும் என்பதையும் அந்த வழக்கு நினைவூட்டியது.

ஆகவே தாயின் ஒழுக்கத்தைப் பேசாமல் காட்டின் நடைமுறையைப் பேச வேண்டும். டின்னில் இருக்கும் மருந்தின் பெயரும் அதன் முக்கோணத்தின் நிறமும் காய் எடுப்பவளுக்குத் தெரிய வேண்டும். சிவப்பு கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, பிறகு நீலம், பச்சை. அடித்தபின் எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம் என்ற இடைவெளி கட்டாயமாக வேண்டும், அந்த நாட்களில் அவளுக்குக் கூலியும் வேண்டும். கைகழுவத் தண்ணீரும் சோப்பும் காட்டிலேயே வேண்டும். சோகைக்கு வைத்தியம் பார்ப்பதும் உலோகத்துக்கு எதிரான பாதுகாப்புதான் என்று சுகாதாரத் துறைக்குத் தெரிய வேண்டும். கேட்டால் கிடைக்குமா என்று கேட்பவர்கள் 2015 செப்டம்பரை நினைத்துக்கொள்ளலாம். இதே மலைத்தொடரில், மூணாறில், சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு ‘பொம்பளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தேயிலைப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட போனஸ் கிடைத்தது.

இந்தப் பருவத்தில் என் மாணவிகளுக்கு வாய்மொழி வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தாய், சின்னம்மா, அத்தை, பாட்டி என்று யார் மலைக்குப் போனார்களோ அவர்களிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். எந்த வருடம், எந்தக் காடு, என்ன வேலை, என்ன மருந்து, எத்தனாவது நாள் உள்ளே போனாள், அப்போது உண்டாகியிருந்தாளா, பிறகு உடம்புக்கு என்ன வந்தது. ஒரு மாணவியின் அத்தை முதலில் சிரித்திருக்கிறார். “இதையெல்லாம் எதுக்கு ஆத்தா எழுதுற? இது என்ன பெரிய வரலாறா?” பிறகு கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அந்த நீல மருந்து இருக்குல்ல, அது வந்த வருசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்று தொடங்கினாராம். அந்த நோட்டில் இப்போது பதினான்கு பக்கம் நிறைந்திருக்கிறது.